கலாராணிக்குக் கட்டிய குசினி

குசினிக்கு வெள்ளை டைல் வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். வெள்ளையில் எல்லாம் தெரியும். மஞ்சள் தூள் சிந்தினால் தெரியும், ஒரு தலைமயிர் விழுந்தாலும் தெரியும். ஆனால் கலாராணி ஆசைப்பட்டாள். அவள் சமைக்கப் போகிற இடம். சரி என்று போட்டுக் கொடுத்தேன். பிள்ளை கேட்டதைக் கொடுக்காத தகப்பன் இல்லை நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

தமிழிலேயே எழுதுங்கள். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனாலும் நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்கிற அளவுக்கு வாசிப்பேன். வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பேன். உங்கள் மேல் சந்தேகம் என்று இல்லை. எல்லார் மேலும்தான்.

என் பேர் நல்லையா. நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தோட்டம். மேல் டிவிஷனில், வரிசையாக ஒட்டின லயத்தில் கடைசி வீடு என்னுடையது. பிறந்ததும் அங்கேதான். பெண்சாதி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இருந்தது ஒரே மகள். அவள் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். நான் மலையில் வேலை செய்தவன் இல்லை, பெக்டரிக்காரன். தேத்தூளைப் பெட்டியில் போட்டு மூடுவதுதான் பென்சன் வரைக்கும் என் வேலை. முன்னே பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள். பிறகு கடுதாசிச் சாக்கு வந்தது. எது வந்தாலும் வேலை ஒன்றுதான். உள்ளே காற்றுப் போகக் கூடாது. மலையில் எவ்வளவு நல்ல கொழுந்து எடுத்தாலும், பெக்டரியில் எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும், பெட்டியில் ஒரு ஊசி ஓட்டை இருந்தால் போச்சு. வாசம் போகும், நிறம் போகும், தூள் செத்துப் போகும். நான் மூடிய பெட்டி ஒன்றுகூடக் கெட்டுத் திரும்பி வந்ததில்லை. பழைய டீமேக்கர் ஐயாவைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது வீட்டு விஷயம். எங்கள் தோட்டத்தில் வீடு யாருக்கும் சொந்தம் இல்லை. சுவர் தோட்டத்துடையது, தகரம் தோட்டத்துடையது. வீட்டில் ஒருவருடைய பேராவது வேலையில் இருக்கிற வரைக்கும் குடியிருக்கலாம். எனக்கு வேலை முடிந்த பிறகு கலாராணியின் பேரில்தான் நான் அங்கே படுத்து எழும்பினேன். வீரய்யா என்று என்னோடு வேலை செய்தவன் ஒருவன். அவனுடைய பிள்ளைகள் கொழும்புக்குப் போனார்கள், ஆபீஸில் பேரை வெட்டினார்கள், புதுத் துரை வீட்டைக் கேட்டார். வீரய்யா இப்போது பசறையில் மருமகன் வீட்டுப் பின் ஸ்தோப்பில், வெறுந் திண்ணையில் கிடக்கிறான். பார்க்கப் போனேன். பேத்தி சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து தரையில் வைத்து, காலால் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போனாள். அவன் என்னைப் பார்க்காமல் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்துகொண்டு நான் ஒரு முடிவு செய்தேன். எனக்கு இது நடக்காது என்று.

கலாராணிக்கு நாற்பது வயது ஆகப் போகிறது. மாப்பிள்ளை வராமல் இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். ஒருவன் குடிகாரன். ஒருவனுடைய அண்ணன் குடிகாரன். இன்னொருவன் நல்லவனாகத்தான் இருந்தான், ஆனால் அவ்வளவு நல்லவனாக ஒருவன் இருந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். இந்த வருஷம் கதிர்காமத்துக்குப் போன இடத்தில் தயாபரனைப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். மொனராகலையில் கரும்பு லொறி ஓட்டுகிறவன், பெண்சாதியை இழந்தவன். ஒருநாள் வீட்டுக்கே வந்தான். வாழைக்குலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு மேடும் ஏறி வந்திருந்தான்.

"மாமா, நீங்களும் எங்களோட வந்துருங்க. இங்க தனியா என்னா செய்யப் போறீங்க? நம்ம பக்கம் வெயிலு கொஞ்சம் கூட. அவ்வளவுதான்," என்றான்.

வீட்டில் ஸ்தோப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

"பின்னால பெருசா ஒன்னு இருக்கு மாமா. நல்ல காத்து," என்றான், சந்தோஷமாக.

அதோடு எனக்கு விளங்கிவிட்டது.

நான் சண்டை போடவில்லை. கையை ஓங்கவில்லை. இராக்கம்மாவைக் கேளுங்கள், அடுத்த வீட்டுக்காரி. லயத்தில் ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும், என் வீட்டில் சத்தம் கேட்டதே இல்லை. கலாராணியிடம் நான் சொன்னது இதுதான். கல்யாணம் செய், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் அந்தக் கரிப்பிடித்த அடுப்படியில் சமைத்து, படுக்கிற காம்பராவில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தா சோறு போடுவது? முதலில் ஒரு நல்ல குசினியும் உட்கார்ந்து சாப்பிட ஓர் அறையும் கட்டுவோம். விருந்து போட்டு அனுப்பி வைக்கிறேன்.

அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான். எங்கள் பழைய அடுப்படி பின்பக்கம் சாய்த்து இறக்கிய தகரக் கொட்டில். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும். புகை உள்ளே, பனி உள்ளே. சின்ன வயதிலிருந்து அந்தப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ரொட்டி சுட்டவள். குளிர் காலத்தில் ஒரு பழைய தகரச் சட்டியில் கங்கு வாரி வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப் படுப்போம். லயத்தில் எல்லாரும் அப்படித்தான். என் அப்பா அப்படித்தான் படுத்தார், நான் அப்படித்தான் வளர்ந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

சாமான் எடுக்க இரண்டு பேரும் பதுளைக்குப் போனோம், ஸலீமின் கடைக்கு. அவர் நல்ல மனுஷர், ஆனால் வியாபாரி. கலாராணி போனில் ஏதோ படம் வைத்திருந்தாள். சுவரோடு ஒட்டின அலுமாரி, பளபளப்பான கல், குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சாப்பாடு எடுத்துக் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் எனக்கும் பிடித்தது. பீங்கான் தட்டு போகும், ஆள் போக முடியாத அளவில் வைக்கலாம் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

பலகை அலுமாரி வேண்டாம் என்றேன். எங்கள் மலையில் மழைக்காலத்தில் உப்பு கரையும், வெட்டிவைத்த பலகை தண்ணீரில் போட்ட பாண் ரொட்டி மாதிரி ஊதும். அலுமினியம் போட்டோம். மேலே கறுப்புக் கல். டைல் அவளுடைய ஆசை, கல் என்னுடையது. கதவுக்கு அவள் மரம் கேட்டாள், நடுவில் பூ வெட்டினது. மரத்தைக் கறையான் தின்னும் என்று சொல்லி, இரும்புத் தகட்டில் செய்யலாம் என்றேன். ஜன்னலுக்குத் திறக்கிற பலகை எதற்கு? வெளிச்சம்தானே வேண்டும். தடித்த கண்ணாடியாகப் பதித்துவிட்டால் பனி வராது. அதற்கு வெளியே கம்பி. ஓரத்துக்கெல்லாம் ரப்பர். ஸலீம் ஒரு குழாயில் அடைத்த பசை காட்டினார். துப்பாக்கி மாதிரி ஒன்றில் வைத்து அமுக்கினால் வெள்ளையாக வரும், காய்ந்தால் ரப்பர் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் போகாதா என்று கேட்டேன். தண்ணீர் என்ன, காற்றே போகாது என்றார். அதில் நிறைய எடுத்துக்கொண்டேன்.

"நல்லையாண்ணே, நீங்க குசினி கட்டுறீங்களா, பேங்க் கட்டுறீங்களா?" என்று ஸலீம் சிரித்தார்.

கலாராணியும் சிரித்தாள். "தேத்தூள அடைச்ச மாதிரி என்னையும் பொட்டியில போட்டு அடைக்கப் போறாரு மொதலாளி," என்றாள்.

நானும் சிரித்தேன். எல்லாரும் சிரித்தோம். அவளே சொன்ன பேச்சு அது, நான் சொன்னதில்லை.

மேசையில்தான் கொஞ்சம் மனஸ்தாபம். அவள் கண்ணாடி மேசையும் கதிரையும் பார்த்து வைத்திருந்தாள். நான் சிமெந்தில் மேசை கட்டி மேலே டைல் பதித்தேன். இரண்டு பக்கமும் சிமெந்துத் திண்டு. தரையோடு சேர்த்துக் கட்டினது, எவனும் தூக்கிக்கொண்டு போக முடியாது. "இப்பிடி அசையாம கெடந்தா கூட்டுறது எப்பிடிப்பா?" என்று கேட்டாள். அசையாமல் இருப்பதுதான் நிலைக்கும் என்றேன்.

குசினிக்குள்ளேயே ஒரு மூலையில் குளிக்கிற இடமும் கக்கூசும் கட்டினேன். அவள் கேட்காதது. டவுனில் எல்லாம் இப்போது இப்படித்தான் என்றேன். நம்பினாள். காற்று ஓட்டைக்குப் பதிலாகக் கண்ணாடிக் கல் வைத்தேன். கேஸ் சிலிண்டரைச் சாப்பாட்டு அறைப் பக்கம் வைத்து, குழாயைச் சுவர் வழியாக அடுப்புக்குக் கொண்டுபோனேன். குசினிக்கு ஒரே கதவு, அதுவும் பின் முற்றத்துக்கு. சாப்பாட்டு அறைக்குள் கதவு இல்லை, அந்தச் சின்ன ஜன்னல் மட்டும். அதற்கு இழுத்து மூடுகிற அலுமினியத் தட்டி, ஓரத்தில் ரப்பர், கொக்கி என் பக்கம்.

கதவு அடித்தவன் ரஜீவ், கீழ் டிவிஷன் பையன், வெல்டிங் வேலை. நேற்று உங்களோடு வந்து அதை வெட்டினவனும் அவன்தான்.

"தாத்தா, கொண்டியெல்லாம் வெளிப்பக்கமே இருக்கு. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளாவது போடவா?" என்று கேட்டான்.

உள்ளே இருந்து பூட்டுவதற்கு யாரிடம் அவள் ஒளிய வேண்டும் என்று கேட்டேன்.

"அப்ப காத்துக்கு மேல ஒரு ஓட்டையாவது வெட்டுறேன். வேகுற எடம் தாத்தா, மூச்சு முட்டிப் போயிரும்."

பனி வரும் என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, நான் சொன்னபடி அடித்துக் கொடுத்தான். நல்ல கைவேலை. கதவுக்குக் கீழே மட்டும் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டிருந்தான். தரை ஒரு பக்கம் சரிவு, கதவு திரும்ப வேண்டும் என்றான். அதை நான் அப்போது கவனித்துக்கொண்டேன்.

முகூர்த்தம் கார்த்திகையில் வைத்திருந்தார்கள். அந்த மாதத்தில் அதுதான் கடைசி முகூர்த்தம். அதற்குப் பிறகு மார்கழி. மார்கழியில் யார் தாலி கட்டுவான்? தை வரைக்கும் பொறுக்க வேண்டும். நான் எண்ணினது இவ்வளவுதான் ஐயா, வேறு கெட்ட எண்ணம் இல்லை. மார்கழி பிறக்கும் வரைக்கும் அவள் உள்ளே இருந்தால் போதும். முகூர்த்தம் தப்பினால் அவன் வீட்டார் முகம் சுளிப்பார்கள். ஒரு மாதம் போனால் ஆசை ஆறிவிடும். தை பிறக்கும்போது அவள் கூடையை மாட்டிக்கொண்டு காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குப் போவாள், பேர் இருக்கும், வீடு இருக்கும், இரண்டு பேரும் சிமெந்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். காய்ச்சல் என்று கணக்கப்பிள்ளையிடம் நானே போய்ச் சொல்லி வைத்தேன்.

குசினி முடிந்ததும் பால் காய்ச்சினோம். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பூசிக் குளித்து, கலாராணி உள்ளே போனாள். இராக்கம்மாவும் வந்து நின்றாள். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று இராக்கம்மா குலவை போட்டாள். எல்லாருக்கும் பால் கொடுத்து, இராக்கம்மா வீட்டுக்குப் போன பிறகு, கலாராணி வழிந்த பாலைத் துடைக்க மறுபடி உள்ளே போனாள். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். போன் மேசையில் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன். கேஸையும் மூடினேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். சின்ன ஜன்னலில் முகத்தை வைத்து, "என்னாப்பா, பேங்க மூடியாச்சா?" என்று கேட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மார்கழி பிறந்ததும் திறப்பேன் என்று பிள்ளையார் மேல் சத்தியம் செய்தேன். அவள் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது. பிறகு சொன்னாள்:

"நான் ஓடிப் போகலியே அப்பா. ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போறேன். சொல்லிட்டுப் போறவள ஏன் பூட்டுறீங்க?"

தட்டியை இழுத்து மூடினேன்.

ஒரு குறையும் வைக்கவில்லை. ஸ்தோப்பில் கல் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக் கொடுத்தேன், சம்பல் இடித்துக் கொடுத்தேன். அவளுடைய கம்பளி, தலையணை எல்லாம் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் கதவை இடித்தாள். மழை தகரத்தில் கொட்டின சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் வயிற்று வலி என்று சுருண்டு விழுந்தாள். பயந்துபோய்க் கதவைத் திறந்தேன். திறந்ததும் எழுந்து என் கைக்குக் கீழே குனிந்து ஓடப் பார்த்தாள். முற்றம் வரைக்கும் போய்விட்டாள். சேற்றில் வழுக்கினபடியால் பிடித்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. அவளுடைய வலியை நம்பக் கூடாது.

தயாபரன் வந்தான். அவன் மேடு ஏறுவதற்குள் நானே கீழே ரோட்டுக்குப் போய்ச் சந்தித்தேன். கலாராணிக்கு மனம் மாறிவிட்டது, கொழும்பில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். அவன் கையில் ஒரு புடவைப் பார்சல் வைத்திருந்தான், நனையாமல் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு.

"அத அவ வாயால ஒரு வார்த்த சொல்லட்டும் மாமா. நான் திரும்பிப் பாக்காமப் போயிர்றேன்," என்றான்.

போன் இல்லை அவளிடம் என்றேன். அது பொய் இல்லை.

அவன் போனான். ஆனால் நம்பிப் போகவில்லை என்று முதுகிலேயே தெரிந்தது.

அடுத்த நாள் பின்னேரம் நான் கோழிக்குத் தவிடு வைக்கப் பின் முற்றத்துக்குப் போனேன். இராக்கம்மா என் கதவுக்கு முன்னால் ஈரத்தில் மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்திருந்தாள். உள்ளேயிருந்து கலாராணியின் குரல். தயாபரனுக்குச் சொல்லுங்கள் அக்கா, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு விரல் இடைவெளி வழியாக. இராக்கம்மா என்னைக் கண்டதும் எழும்பினாள். முழங்காலில் சேறு.

"அண்ணே, பெத்த புள்ள அண்ணே," என்றாள். தன் வீட்டுக்குள் போனாள்.

நான் ஆத்திரப்படவில்லை. ஓட்டை இருந்தால் கெடும், அவ்வளவுதான். ஸலீமிடம் வாங்கின பசை மிச்சம் இருந்தது. கதவுக்குக் கீழே ஒரு கட்டையைச் செதுக்கி இறுக்கி, இரண்டு ஓரமும் பசை அடித்தேன். கதவு நிலையைச் சுற்றியும் அடித்தேன். மழை பெய்து கொண்டிருந்ததால் தாழ்வாரத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, ஈரம் படாமல் பொறுமையாகச் செய்தேன். உள்ளே அவள் கதவோடு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. "அப்பா, என்னா செய்றீங்க?" என்று இரண்டு தரம் கேட்டாள். பனி வராமல் அடைக்கிறேன் என்றேன்.

விளக்கு வைக்கிற நேரம் ஜன்னலைத் தட்டினாள். குளிருகிறது என்றாள். வெள்ளை டைல் தரை ஐஸ் மாதிரி இருக்கும், அதைத்தான் நான் முதலிலேயே வேண்டாம் என்றேன். கங்கு கொஞ்சம் தாங்கப்பா என்று கேட்டாள். கவாத்து மலையில் பொறுக்கிக் காய வைத்த தேயிலைக் கட்டை, நன்றாகக் கங்கு விடும். அதே பழைய தகரச் சட்டியை நிரப்பிக் கொடுத்தேன். கை சுடும் என்று சாக்குத் துணியைச் சுற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தாள். வழமையாக நான் கங்கு வைத்தால் "போதும்பா" என்பாள், அன்றைக்கும் அப்படியே சொன்னாள். தட்டியை மூடிக் கொக்கி போட்டேன்.

நான் சாப்பிட உட்கார்ந்த பிறகு மறுபடி தட்டினாள். தலை வலிக்கிறது, கதவைத் திறங்க என்றாள். காலையில் பேசலாம் என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினாள். கையால் அல்ல, ஏதோ கரண்டியால். தலை சுத்துதுப்பா என்றாள். வயிற்று வலி போய் இப்போது தலை வலி. நான் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். தட்டுவது இடைவெளி விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை. ஒரு வழியாகப் பிடிவாதம் விட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு தட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. இவ்வளவு குளிரிலும் சூடு ஒரு துளி வெளியே போகவில்லை என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கலாராணி கதவோடு கதவாகத் தரையில் படுத்திருந்தாள், முகத்தைக் கீழே, முன்பு இடைவெளி இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் கரண்டி. பசையை நகத்தால் பிய்த்திருந்தாள். கொஞ்சம்தான் வந்திருந்தது. நல்ல பசை அது. கன்னம் சிவந்து, கல்யாணப் பெண் மாதிரி நிறமாக இருந்தாள். பெரட்டுக்குப் பழகின உடம்பு, விடியுமுன் எழும்பியே பழக்கம். ஒருநாளாவது தூங்கட்டும் என்று தேத்தண்ணியைக் கல்லின் மேல் வைத்தேன். ஆறிப்போகும் என்று ஒரு தட்டால் மூடி வைத்தேன்.

ஆமாம், கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு மூன்று தரம் கூப்பிட்டேன். அவள் எழும்பவில்லை. நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகும் அப்படி நினைத்துக்கொண்டே இருந்தேன், நீங்கள் வரும் வரைக்கும்.

நீங்களும் தயாபரனும் வந்தபோது நான் சாவியைத் தரவில்லை என்று எழுதியிருப்பீர்கள். தரவில்லைதான். திறந்தால் அவள் நடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். அலவாங்கு போட்டு நெம்பிப் பார்த்தீர்கள், அசையவில்லை. ரஜீவைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னீர்கள். தான் அடித்த கதவைத் தானே வெட்டும்போது அவன் அழுதான். பாதி வெட்டினபோது தயாபரன் அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். கதவு முழுதும் விழும் வரைக்கும் விடவில்லை. அவன் சட்டைக்குள் அந்தப் பார்சல் இன்னும் இருந்தது.

கங்கிலிருந்து வந்த விஷப்புகை போக வழி இல்லாமல் போயிற்று என்று டாக்டர் சொன்னார். ஓர் ஓட்டை இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார். படித்தவர், இருக்கலாம். நான் என் வயதுக்கும் காற்றுப் பட்டுக் கெட்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்பது ஒன்றுதான், சுற்றி வளைக்க வேண்டாம். அவள் தட்டினது எனக்குக் கேட்டதா? கேட்டது. முதல் தட்டும் கேட்டது, கடைசித் தட்டும் கேட்டது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எழும்பிப் பின் முற்றத்துக்குச் சுற்றிப் போக ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை. திறந்தால் போய்விடுவாள், அவள் போனால் அந்த வீட்டில் எனக்கு இடம் இல்லை. அவளை நான்தான் அடைத்தேன், நான்தான் கங்கு கொடுத்தேன், நான்தான் திறக்கவில்லை. அப்படியே எழுதுங்கள்.

எழுதிவிட்டு ஓர் உபகாரம் செய்ய வேண்டும். தோட்டத்து ஆபீஸில் சொல்லி, அவள் பேரை உடனே வெட்டிவிட வேண்டாம் என்று கேளுங்கள். கணக்கப்பிள்ளையிடம் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நான் திரும்பி வரும்போது வீடு இருக்க வேண்டும். அந்தக் குசினியை யாரும் உடைக்கவும் கூடாது, பிள்ளைக்காக ஆசையாகக் கட்டினது.

வேறு ஒன்றும் இல்லை. நேற்று என்னை அடைத்து வைத்த அறையில் கதவு சரியில்லை, கீழே பெரிய இடைவெளி, குளிர் உள்ளே வருகிறது. நான் சுவர்ப் பக்கமாகத்தான் படுத்தேன். காலையில் உங்கள் ஆள் வந்து எழுப்பினபோது, முகத்தைக் கதவுக்குக் கீழே அந்த இடைவெளியில் வைத்துக்கொண்டு கிடந்தேனாம். தூக்கத்தில் புரண்டிருப்பேன்.